பெயரும் நிரலும்

'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருளோடு, மலைநாட்டுத் தோட்டங்கள் மற்றுமொரு பொருளையும் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தையே தோட்டத்தில் பேர் என்பர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்கு வந்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும், வராவிட்டால் அரைப்பேர். 'நேற்று அரைப்பேர்தான் போட்டார்கள்' என்று ஒரு தாய் சொல்லும்போது, அவள் கூலியில் பாதி போனதைத்தான் சொல்லுகிறாள். எனினும், ஒரு மனிதரின் பெயரே பாதியாக வெட்டுண்டது போன்ற ஒலி அச்சொல்லில் இருந்துகொண்டே இருக்கிறது. ஏட்டில் எழுதப்படும் பெயருக்கும் அடுப்பில் ஏற்றப்படும் உலைக்கும் இத்துணை நேரான உறவு வேறெந்தத் தொழிலில் உண்டு?

அவ்வுறவு கூலியோடு முடிந்துவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் தாம் இத்தனை ஆண்டு தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததாகக் கடதாசி காட்ட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிட்டியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பிரித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சியோர் துயரம் தீரச் சட்டம் வந்தது 2003 ஆம் ஆண்டில். தந்தை பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருந்தால் வாழ்வே தடுமாறும் என்பதை எமது பாட்டன்மார் பட்டறிந்தனர்.

அந்த ஏடுகள் இப்பொழுது கணினிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. பள்ளி வரவுப் பதிவேடு, மருந்தகப் பதிவு, சம்பளக் கணக்கு, நிவாரணப் பட்டியல் யாவும் மென்பொருள்களாக மாறுகின்றன. அம்மென்பொருள்களை எழுதும் வேலையும் மனிதர் கையிலிருந்து சிறிது சிறிதாகக் கருவிகளின் கைக்கு மாறுகிறது. தனக்கு வேண்டியதை ஒருவர் இரண்டு வரியில் சொன்னால், நிரல் முழுவதையும் எழுதித் தந்துவிடும் கருவிகள் வந்துவிட்டன. எமது பெயரை நாளை ஏட்டில் எழுதப்போவது இக்கருவிகள் பெற்றெடுத்த நிரல்களே என்றால், அவை அதை எவ்வாறு எழுதுகின்றன என்று பார்ப்பது தமிழாசிரியருக்குச் சம்பந்தமில்லாத காரியமாகுமா? ஆகாது என்பதே நமது எண்ணம்.

மென்பொருளைக் கூறு கூறாகச் செய்து பொருத்தும் எண்ணம் பழையது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். கொழுந்தை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும், சலித்துத் தரம் பிரிக்கவும் தனித்தனி இயந்திரங்கள் உண்டு. எந்தத் துரையும் உருட்டும் இயந்திரத்தைத் தன் பட்டறையில் வார்த்துக்கொள்ளவில்லை. உலர்த்தும் இயந்திரம் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலிருந்தும் கப்பலில் வந்தது. வாங்கிய கூறுகளைப் பொருத்தித் தொழிற்சாலை எழுப்பப்பட்டது. மென்பொருளிலும் பெயர்களை அகரவரிசைப்படுத்த ஒரு கூறு, தேதியைச் சரிபார்க்க ஒரு கூறு, கூட்டிக் கழிக்க ஒரு கூறு என்று தனித்தனியே செய்து வைத்துக்கொண்டு வேண்டியபடி இணைத்துக்கொள்ளலாம்.

1968 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாடொன்றில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் இதையே வலியுறுத்தினார். பிற தொழில்கள் பெற்ற வளர்ச்சியை மென்பொருள் ஆக்கம் பெறவில்லை என்று வருந்திய அவர், நம்பகமான கூறுகளைப் பெருந்தொகையாக ஆக்கிப் பட்டியலிட்டு வழங்கும் ஒரு கைத்தொழில் எழ வேண்டுமென்றார். நிரலை இயந்திரமே எழுதவேண்டும் என்ற அவா அதற்கும் முந்தியது. 1952 இல் கிரேஸ் ஹொப்பர் அம்மையார், எழுதிவைத்த துணைநிரல்களைக் கணினியே எடுத்துக் கோத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உருவாக்கினார். 1957 இல் ஜோன் பக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனத்தார் வெளியிட்ட போர்ட்ரான், கணிதச் சூத்திரம் போன்று எழுதப்பட்டதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றியது. 1975 இல் ஸ்டீபன் ஜோன்சன் வெளியிட்ட யாக் என்னும் கருவியிடம் ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அவ்விலக்கணப்படி வாக்கியங்களைப் பகுத்தறியும் கூறொன்றை அதுவே எழுதித் தந்தது. இலக்கணம் கற்ற எவருக்கும் அச்செய்தி இனிப்பதாகும்.

அப்பழைய கருவிகளிடம் ஒரு நேர்மை இருந்தது. விதியைக் கொடுத்தால் விதிப்படி நடக்கும். ஒரே விதிக்கு ஒரே விடை தரும். 2021 இல் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட்டும், 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும், அவற்றின் பின்வந்த பலவும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. உலகமெங்கும் நிரலாளர் எழுதிக் குவித்தவற்றைப் படித்து, இன்ன இடத்தில் இன்னது வருவதே பெரும்பாலும் வழக்கம் என்று கணித்து, அவை எழுதுகின்றன. வழக்கத்தில் எது மிகுதியோ அது அவற்றுக்கு எளிது. வழக்கத்தில் அருகியிருப்பது எதுவோ அதில் அவை இடறும். பெரும்பான்மை வழக்கை விதியாகக் கொள்ளும் ஒருவரிடம் சிறுபான்மையினர் தம் பெயரைக் கொடுத்தால் நேர்வது யாது?

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பெருந்தெருவில் லுணுகலை இருக்கிறது. இங்கே நாம் தமிழ் கற்பிக்கும் பள்ளியில், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நூலகத்துக்கு ஒரு சிறு மென்பொருள் செய்ய முற்பட்டனர். நூல் இரவல் பெறுவோரின் பெயர்களைப் பதிந்து, அகரவரிசையில் அடுக்கி, தேடியெடுத்துத் தருவதே அதன் வேலை. தகவல் தொழினுட்ப ஆசிரியரின் மடிக்கணினியில் நிரலெழுதும் கருவியொன்றிடம் அவர்கள் கேட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் மூன்று கூறுகளும் பைதன் மொழியில் வந்து நின்றன. ஆங்கிலப் பெயர்கள் சிலவற்றை இட்டுப் பார்த்தபோது யாவும் ஒழுங்காக நடந்தன. மாணவர் மகிழ்ந்தனர். பிறகு தமிழ்ப் பெயர்களை இட்டனர்.

கனகம்மா முன்னே வந்தாள். கமலா பின்னே போனாள். செல்லம்மாவுக்கும் ஞானம்மாவுக்கும் நடுவில் ஜெயா வந்து அமர்ந்தாள். கலைப்பிரிவில் நம்மிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்து, 'சேர், இது நெடுங்கணக்கு இல்லையே' என்றாள். கணினி படிக்கும் மாணவர் எவருக்கும் தோன்றாத அக்குறை, மெய்யெழுத்துகளைச் சிறுவயதில் வரிசையாக ஒப்புவித்த அவள் கண்ணில் பட்டது. மகரத்துக்கு முன் னகரம் எங்ஙனம் வரும்? அகரம் முதலாக னகரம் ஈறாக முப்பது எழுத்து என்றல்லவோ தொல்காப்பியர் தம் நூலைத் தொடங்குகிறார்? அவர் இறுதியில் நிறுத்திய எழுத்தை நிரல் நடுவில் கொண்டுபோய் வைத்திருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. எழுத்துகளை எண்களாக்கும் யுனிகோட் அட்டவணையில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டுக் குறிமுறை. அது இந்திய எழுத்து முறைகள் பலவற்றையும் தேவநாகரியோடு இணைகோடாக வைத்து வகுக்கப்பட்டது. ஆகவே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அவற்றின் பின் வகரமும் அமைந்தன. புள்ளியோ உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னால் நின்றது. தமிழகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். எண்களின்படி அடுக்கினால் பகல் முந்திக்கொள்ளும். அட்டவணை எழுத்துகளுக்கு இடம் ஒதுக்குவதற்காகவே அமைந்தது. அகராதி வரிசை அதன் பொறுப்பன்று. அவ்வரிசைக்கென யுனிகோட் அமைப்பினர் மொழிதோறும் தனி விதிகளைத் தொகுத்துள்ளனர். அவற்றைக் கையாளும் ஐசியு என்னும் இலவசக் கூறும் உண்டு. கருவி அதனை அறியாததன்று. கேட்கப்படாததால் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்துக்குப் போதுமான எளிய கட்டளையை எழுதி வேலையை முடித்துவிட்டது.

எழுத்தெண்ணிக்கையிலும் இதே கதைதான். 'லுணுகலை' என்பதில் எத்தனை எழுத்து என்று முதலாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். நிரல் ஏழு என்றது. லகரம் ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று, ணகரம் ஒன்று, அதன் குறி ஒன்று என அது குறிகளையும் தனித்தனியே எண்ணுகிறது. அச்சொல்லை முன்பின்னாகத் திருப்பச் சொன்னபோது, ஐகாரக் குறி பற்றிக்கொள்ள மெய்யின்றி முதலில் தொங்கியது. விளையாட்டாகத் தோன்றும் இக்குறை, பெயருக்கு இருபது எழுத்து இடம் என்று வரையறுக்கும் ஒரு படிவத்தில் விளையாட்டாக இராது. எழுத்தும் குறியுமாக எண்ணிக்கொண்டே சென்று, இருபதாவது இடத்தில் ஒரு தமிழ்ப் பெயரை நடுவே துண்டித்துவிடும். அதுவும் ஓர் அரைப்பேரே.

இவற்றினும் பெரிய கேடு தேடும் கூற்றில் இருந்தது. 'பொன்னம்மா' என்று எழுதும்போது ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணுக்கு வேறுபாடில்லை, எண்ணுக்கு வேறுபாடுண்டு. ஒரு விசைப்பலகையில் பதிந்த பொன்னம்மாவை மற்றொரு விசைப்பலகையில் தேடினால், அப்படி ஒருத்தி இல்லை என்று நிரல் விடை சொல்லிவிடும். இரண்டையும் ஒருநிலைப்படுத்திய பின்னரே ஒப்பிட வேண்டும் என்ற விதி யுனிகோட்டில் இருக்கிறது. கருவி முதலில் தந்த நிரலில் அவ்விதி இல்லை. ஏட்டில் பெயர் இருந்தும் இல்லை என்று சொல்லப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலும், அந்நிரல் ஒவ்வொருவரிடமும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்டது. குடும்பப்பெயர் இல்லையெனில் பதிய மறுத்தது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரை முன்னே நிறுத்தித் தன் பெயரைப் பின்னே எழுதுவது எமது வழக்கம். பெருமாளின் மக்கள் மாரியாயும் முருகேசும் பெருமாள் மாரியாய், பெருமாள் முருகேசு என்று பதிந்துகொண்டால், பின்னுள்ளதே குடும்பப்பெயர் என்று கொள்ளும் நிரலுக்கு அவ்விருவரும் இரு வேறு குடும்பத்தார் ஆகிவிடுவர். நிவாரண அரிசியைக் குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று பங்கிடும் நாளில் இப்பிழை மூட்டையைக் கூட்டும் அல்லது குறைக்கும். குறைக்கும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வரும்.

பெயர்ப் பதிவுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஊவா மாகாணம் அறியாததன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. மண்ணுள் மறைந்தோர் எத்தனை பேர் என்பதற்கு அந்நாள்களில் மாறி மாறி எண்கள் சொல்லப்பட்டன. ஒரு காம்பராவில் அன்று யார் யார் இருந்தனர் என்ற எளிய பட்டியல், மீட்பு வேலையில் எவ்வளவு பெறுமதியுடையது! அதற்குப் பத்தாண்டுக்கு முன், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், இலங்கையின் நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் 'சஹானா' என்னும் மென்பொருளை நாள்கணக்கில் உருவாக்கினார்கள். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு எனத் தனித்தனிக் கூறுகளாக அது அமைந்தது; எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து விடப்பட்டது. 2005 ஆம் ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் உதவியது. அன்று நிரலெழுதித் தரும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. தேவை இன்னதென்று தெரிந்த மனிதர் இருந்தனர்.

நமது மாணவர் என்ன செய்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். கருவியைத் தூர எறியவில்லை. அதன் விடையை அப்படியே ஏற்கவுமில்லை. தமிழ் படிக்கும் மாணவரும் கணினி படிக்கும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலில் நாற்பது பெயர்களைத் தாளில் எழுதினார்கள். ககரத்தில் தொடங்கி வகரம் வரைக்கும், கிரந்த எழுத்துடையனவும், புள்ளியுடையனவும், ஒகரக் குறியை இருவிதமாக இட்டனவும், ஒற்றைப் பெயர்களும், தந்தை பெயரோடு கூடியனவுமாக அவற்றைத் தேர்ந்தனர். சரியான வரிசை எதுவென்று அகராதியைப் பார்த்து முடிவுசெய்தனர். பிறகு அந்தப் பட்டியலையே தேர்வுத்தாளாக்கிக் கருவியின் முன் வைத்தனர். இரண்டாம் முறை அது தந்த நிரலில் மெய்வரிசை சரியாகியது, புள்ளி பிழைத்தது. மூன்றாம் முறை ஐசியு கூற்றைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டபோது நாற்பதும் ஒழுங்காக நின்றன. குடும்பப்பெயர் கட்டாயம் என்ற வரியை மாணவரே தம் கையால் நீக்கினர்.

இதிலிருந்து பெறக்கூடிய பாடம் தெளிவானது. நிரலை எழுதுவது மலிந்துவிட்டது. நிரல் சரியா என்று சொல்லும் அறிவு மலியவில்லை. அவ்வறிவின் பெரும்பகுதி கணினி நூலுக்கு வெளியே கிடக்கிறது. நெடுங்கணக்கிலும், லயத்துப் பெயர் வழக்கிலும், செக்ரோலிலும், பாட்டியின் நினைவிலும் இருக்கிறது. பெரும்பான்மை வழக்கை மட்டுமே அறிந்த கருவிக்கு அதை ஊட்டவல்லவர் அந்த வாழ்க்கையை வாழ்பவரேயாவர்.

கூலிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கொழுந்தின் நிறையைக் கூட்டி, குறித்த அளவோடு ஒப்பிட்டு, முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்மானிக்கும் கூறு ஒன்றை ஒருவர் கேட்டால், கருவி நான்கைந்து வரியில் எழுதித் தந்துவிடும். தசம எண்ணை முழு எண்ணாக்க அது பயன்படுத்தக்கூடிய எளிய கட்டளை, பைதன் மொழியில் புள்ளிக்குப் பின்னுள்ளதைத் துண்டித்து எறிவது. எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவையில் 0.6 கிலோ இவ்வாறு போகிறதென்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று நிறுவையில் 1.8 கிலோ, 25 நாளில் 45 கிலோ. எவரும் திருடவில்லை, எவரும் பொய் எழுதவில்லை. ஒரு சிறு கட்டளை, கீழ்நோக்கியே வெட்டும் இயல்புடையதாக இருந்துவிட்டது. முன்பு தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு பிடித்தால், தராசடியில் நின்ற பெண் கேள்வி கேட்பாள்; கணக்கப்பிள்ளையாவது பதில் சொல்லியாக வேண்டும். நிரலுக்குள் மறைந்த கழிவை யாரிடம் கேட்பது? 'கொம்பியூட்டர் அப்படித்தான் காட்டுகிறது' என்ற விடைக்கு மேல் அவளால் எங்கே செல்ல முடியும்? நிறைக்கு அளவு குறித்தவர் யார், மழை நாளில் அவ்வளவு மாறுமா, வெட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்பன பொறியியல் வினாக்களாகத் தோன்றினும், அவை உழைப்பின் பங்கு பற்றிய பழைய வினாக்களே.

இக்கருவிகளைப் பற்றி இருவிதப் பேச்சுகள் இங்கே கேட்கின்றன. 'இனி நிரல் படித்துப் பயனில்லை, இயந்திரமே எழுதிவிடும், பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புங்கள்' என்பது ஒன்று. 'இனி எவரும் நிரலாளராகலாம், படிக்கவே வேண்டியதில்லை, கேட்டால் போதும்' என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன: தோட்டத்துப் பிள்ளை நிரலை வாசிக்கக் கற்க வேண்டியதில்லை என்ற இடத்தில். 2025 பெப்ரவரியில் அந்திரே கர்பாத்தி என்னும் கணினி அறிஞர், நிரலை வாசிக்காமலே கருவியின் போக்கில் சென்று மென்பொருள் ஆக்கும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார். வார இறுதியில் செய்து பார்த்து எறிந்துவிடும் சிறு முயற்சிகளுக்கு அது தகும் என்பதே அவர் கருத்து. விளையாட்டுப் பொருளுக்குச் சொன்னதைக் கூலிக் கணக்குக்கும் குடும்பப் பதிவுக்கும் பொருத்துவது பெருங்கேடாய் முடியும்.

நமது அச்சங்களை மறைப்பதற்கில்லை. லுணுகலையிலிருந்து இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் செல்லும் காலத்தில், மென்பொருள் துறை ஒரு சிலருக்கேனும் வேறு வழி காட்டியது. 2005 இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின், கணினிக் கல்வி மலையடிவாரம் வரை வந்தது. புதிதாகச் சேருவோர் முதலில் செய்து பழகும் சிறு வேலைகளைக் கருவியே செய்துவிட்டால், பழகும் படி எங்கே கிடைக்கும் என்ற கவலை நியாயமானது. ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு மேலே ஏறி வா என்பதுபோல் ஆகும். கீழ்ப்படியில் நிற்பவரை அது முதலில் தாக்கும்.

உடைமை பற்றிய வினாவும் உண்டு. கருவிகள் படித்த நிரல்களில் பெரும்பகுதி, பிறர் பயன்பெற வேண்டுமென்று நிரலாளர் திறந்து வைத்தவை. தம் பெயரையும் உரிமக் குறிப்பையும் உடன் வைக்க வேண்டும் என்பதே அவர்களுள் பலர் இட்ட நிபந்தனை. பெயர் நீக்கி நிரல் மட்டும் விற்கப்படுகிறதென்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் நிரலாளர் சிலர் கோபைலட் நிறுவனத்தார்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கின் சட்ட நுணுக்கம் எப்படியாயினும், அவ்வினாவின் சுவை எமக்குப் புதிதன்று. காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டதில்லை.

ஆயினும் கருவியைப் பகைத்துக்கொண்டு முன்னேறிய சமுதாயம் ஒன்றையும் நாம் அறியோம். பகைக்க வேண்டியது வேறு. ஒரு கருவி எழுதியதை வாசிக்க வல்லோர் ஒரு சிலராகவும், அதன்படி நடக்க வேண்டியோர் பலராகவும் இருக்கும் நிலையே பகைக்கத்தக்கது. பழைய தோட்டத்தில் செக்ரோலை வாசிக்க வல்லவர் கணக்கப்பிள்ளை ஒருவர்; கைநாட்டு இட்டவர் நூற்றுக்கணக்கானோர். எழுத்தறிவு பரவியபோதே அந்த நிலை தளர்ந்தது. சம்பளத் துண்டை வாசித்த மகள், தாய்க்காகக் கேள்வி கேட்டாள். இன்று வேண்டப்படுவது அதே எழுத்தறிவின் அடுத்த படி.

அதற்குச் செய்யத்தக்கன சில உண்டு. தமிழ் மொழி மூலம் கணினி கற்பிக்கும் ஆசிரியரும், தடையற்ற இணைப்பும், போதிய கணினிகளும் தோட்டப் பள்ளிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது முதலாவது. அக்கல்வியில் நிரலை எழுதுவித்தலைக் காட்டிலும் வாசித்தலும் சோதித்தலும் பெரிதாக இடம்பெற வேண்டும். தமிழாசிரியர் அவ்வகுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கலாகாது. எழுத்தின் வரிசையும், பெயரின் அமைப்பும், வேற்றுமை உருபு சேரும்போது சொல் திரியும் முறையும் அவர்தம் கையிருப்பு. நமது மாணவரின் நாற்பது பெயர்ப் பட்டியல் போன்று, தமிழ்ப் பெயர்களையும் முகவரிகளையும் சோதிப்பதற்கான பட்டியல்களைப் பள்ளிகள் ஆக்கிப் பொதுவில் வைக்கலாம். அப்பட்டியல்களில் மெய்யான மனிதரின் விவரம் இருக்கவேண்டியதில்லை. வழக்கின் வகைகள் இருந்தால் போதும். எந்த நாட்டில் எந்தக் கருவி எழுதிய கூறாயினும் அந்தத் தேர்வில் தேறிய பின்னரே எமது ஏடுகளைத் தொட வேண்டும்.

இறுதியாக, தொழிற்சங்கங்களின் கவனத்துக்கும் ஒன்று. கூட்டு ஒப்பந்தத்திலும் சம்பளப் பேச்சிலும் நாட்கூலி எவ்வளவு என்று மட்டும் வாதாடினால் இனிப் போதாது. கூலியைக் கணக்கிடும் மென்பொருளின் விதிகள் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். பின்னம் எப்பக்கம் வெட்டப்படுகிறது, கழிவு எவ்வளவு, பிழை கண்டால் எவரிடம் முறையிடுவது என்பன அதில் இருக்க வேண்டும். சங்கம் நியமிக்கும் ஒருவர் நிரலைத் திறந்து பார்க்க உரிமை வேண்டும். அந்த ஒருவர் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை. லயத்திலேயே பிறந்து, பள்ளியில் நெடுங்கணக்கும் பைதனும் ஒருங்கே கற்ற பெண்ணொருத்தியாக அவர் இருக்க முடியும். அத்தகையோரை ஆக்குவதே எமது பள்ளிகளின் முன்னுள்ள வேலை.